செயற்கைப் புல்தரையின் நோயும் மருந்தும்

மனிதன் இயற்கையைப் பார்த்துச் செய்துகொண்ட போலிகள் பல. காகிதப் பூ, மெழுகுப் பழம், கண்ணாடி முத்து என்று அவ்வரிசை நீளும். அவற்றுள் வயதில் இளையது செயற்கைப் புல்தரை. மலை நகரத்து விடுதிகளின் முற்றத்திலும், நகர வீடுகளின் மொட்டை மாடியிலும், ஹாக்கி மைதானங்களிலும் அது இன்று விரிந்து கிடக்கிறது. உப்பு லாரிகள் ஓயாது செல்லும் எங்கள் முத்தையாபுரத்திலும், மாலை ஆனதும் உயர்ந்த விளக்குகளின் வெளிச்சத்தில் இளைஞர்கள் மணிக்கணக்கில் வாடகை கொடுத்துக் கால்பந்து ஆடும் 'டர்ஃப்' வந்துவிட்டது.

தண்ணீர் ஊற்ற வேண்டாம், வெட்ட வேண்டாம், வாடாது, சாகாது என்று சொல்லித்தான் இதை விற்கிறார்கள். சாகாது என்பது மெய். நோய்ப்படாது என்பது மெய்யன்று. ஈரம் மிகுந்த இடத்தில் இரண்டு மழைக்காலம் கழிந்தால் பாசி பிடிக்கும். இணைப்பு வாய் பிளக்கும். கால் வைத்தால் வழுக்கும். அப்போது பெரும்பாலோர் புல்லைக் குறை கூறுகிறார்கள். ஆனால் நோய் தெரியும் இடம் மேலே. நோய் பிறக்கும் இடம் கீழே. இக்கட்டுரையில் நான் விளக்க விரும்புவது இந்த ஒரு கருத்தைத்தான்.

கடற்கரையில் பிறந்த வேதியியல் மாணவன் மலைநாட்டுப் புல்தரையைப் பற்றி எழுதுவானேன் என்று கேட்கலாம். என் தாய்மாமா தரைவிரிப்பும் செயற்கைப் புல்லும் விரிக்கும் தொழில் செய்பவர். பருவத் தேர்வு விடுமுறைகளில் அவருடன் கொடைக்கானலுக்கும் அதன் சுற்றுப்புறங்களுக்கும் வேலைக்குச் சென்றிருக்கிறேன். ஈரம் என்ன செய்யும் என்பதை மலையில் பார்த்தேன். 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அதே பாடம் எங்கள் ஊருக்கும் தேவைப்பட்டது.

பிறந்த கதை

1964-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிராவிடென்ஸ் நகரில் மோசஸ் பிரௌன் பள்ளியில்தான் இத்தகைய தரை முதன்முதலாகப் பெரிய அளவில் விரிக்கப்பட்டது. மான்சாண்டோ நிறுவனத்தார் அதைச் செய்தனர். 1965-இல் ஹூஸ்டன் நகரில் கூரை வேய்ந்த பெரிய விளையாட்டரங்கம் ஒன்று திறக்கப்பட்டது. அதன் பெயர் ஆஸ்ட்ரோடோம். கூரையின் ஒளிபுகும் பலகைகள் ஆட்டக்காரர்களின் கண்ணைக் கூசச் செய்தமையால் அவற்றுக்கு வண்ணம் பூசினர். வெயில் குறைந்தது, உள்ளே வளர்த்த இயற்கைப் புல் பட்டுப்போனது. 1966-இல் அந்த இடத்தைச் செயற்கைப் புல் பிடித்துக்கொண்டது. ஆஸ்ட்ரோடர்ஃப் என்ற பெயர் அந்த அரங்கத்திலிருந்து வந்ததே.

நம் நாட்டவர்க்கு இப்பெயர் அறிமுகமானது ஹாக்கியால். 1975-இல் கோலாலம்பூரில் இயற்கைப் புல்லில் ஆடி உலகக் கோப்பையை வென்ற இந்தியா, 1976-இல் மாண்ட்ரீல் ஒலிம்பிக்கில் ஏழாம் இடத்துக்குப் போயிற்று. ஒலிம்பிக் ஹாக்கி செயற்கைத் தரையில் ஆடப்பட்டது அதுவே முதல் முறை. தோல்விக்குக் காரணம் தரை மட்டுமே என்று கூறிவிட முடியாது. ஆயினும், தரை மாறினால் ஆட்டமும் மாறும் என்பதை நாம் அன்று உணர்ந்தோம்.

நம் மாவட்டத்துக் கோவில்பட்டி, ஹாக்கிக்குப் பெயர் பெற்ற ஊர் என்பதைச் சொல்லத் தேவையில்லை. கரிசல் தரையில் மட்டை பிடித்துப் பழகிய அவ்வூர்ப் பிள்ளைகளுக்கு இன்று செயற்கை இழை மைதானம் உண்டு. 2022 மே மாதத்தில் ஆடவர் இளையோர் தேசிய ஹாக்கிப் போட்டி அங்கே நடந்தது. அவ்வூர் மாரீஸ்வரன் சக்திவேல் அதே ஆண்டில் ஆசியக் கோப்பைக்கான இந்திய அணியில் இடம் பெற்றார். இத்தகைய தரையைப் பேணத் தெரிவது நம் மாவட்டத்தில் வெறும் அலங்கார வேலை அன்று. பல இளைஞர்களின் எதிர்காலத்தோடு தொடர்புடைய வேலை.

புல்லின் உடற்கூறு

நோயை அறிய வேண்டுமானால் உடலை அறிய வேண்டும். செயற்கைப் புல்தரை மேலிருந்து கீழாக ஐந்து அடுக்குகளால் ஆனது எனலாம்.

முதலாவது இழை. பழைய தரைகளில் அது நைலான்; இன்று பெரும்பாலும் பாலி எத்திலீன். ஹாக்கித் தரையில் இழை குட்டையாகவும் நெருக்கமாகவும் இருக்கும். கால்பந்துத் தரையில் 40 முதல் 60 மில்லிமீட்டர் உயரம் இருக்கும். முற்றத்தில் அழகுக்கு விரிப்பது இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது.

இரண்டாவது, இழையைத் தைத்திருக்கும் அடித்துணி. நெசவு செய்த பாலி புரொப்பிலீன் துணியில், தையல் இயந்திரம் தைப்பது போல இழைகள் வரிசை வரிசையாகக் குத்தப்பட்டிருக்கும்.

மூன்றாவது, அத்துணியின் முதுகில் தடவிய பூச்சு. இதுதான் இழைகளைப் பிடித்து வைத்திருக்கிறது. விலை குறைந்தவற்றில் சுண்ணாம்புக்கல் தூள் கலந்த லேட்டக்ஸ். விலை மிகுந்தவற்றில் பாலி யூரித்தேன். நீர் இறங்குவதற்காக இப்பூச்சில் சிறு துளைகள் இட்டிருப்பார்கள்.

நான்காவது, இழைகளுக்கு இடையே தூவிய மணல். கால்பந்துத் தரையாயின் மணலுக்கு மேல் இரப்பர்த் துகளும் உண்டு. இழையை நிமிர்த்தி நிறுத்துவதும், விரிப்பைக் காற்றில் தூக்கவிடாமல் அழுத்தி வைப்பதும் இந்த மணலே.

ஐந்தாவது, எல்லாவற்றையும் தாங்கும் தளம். கெட்டித்த ஜல்லியும் அதன்மேல் கல்தூளும் இட்டு, நீர் ஓட நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் சாய்வு கொடுத்திருக்க வேண்டும்.

வாங்குபவர் பார்ப்பது முதல் அடுக்கை. விற்பவர் பேசுவதும் அதைப் பற்றியே. தரையின் ஆயுளைத் தீர்மானிப்பதோ மூன்றாவதும் ஐந்தாவதும்.

மலையில் நேர்வது என்ன?

தூத்துக்குடியில் ஆண்டுக்குச் சுமார் 650 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. கொடைக்கானலில் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் மழையின் அளவைவிட முக்கியமானது, நனைந்த பொருள் உலர எவ்வளவு நேரம் ஆகிறது என்பது. எங்கள் ஊரில் காலையில் நனைத்த துணி மதியத்துக்குள் மடிக்கக்கூடிய பதத்துக்கு வந்துவிடும். கொடைக்கானலில் மேகம் தரையிலேயே தவழும் நாள்களில் மூன்றாம் நாளும் துணி சில்லென்றே இருக்கும். புல்தரையின் நிலையும் அதுவே. மேலே நீர் வடிந்தாலும் அடியில் ஈரம் காய்வதில்லை.

அந்த ஈரத்தில் பாசி வளர்கிறது. பாசி பிளாஸ்டிக்கைத் தின்று வளர்வதாகப் பலர் எண்ணுகிறார்கள். அது தவறு. பிளாஸ்டிக்கில் பாசிக்கு உணவு ஏதும் இல்லை. மரங்களிலிருந்து உதிரும் இலைத்துகளும், காற்றில் வரும் தூசியும், பூந்தாதும் மணலோடு கலந்து மக்கி, இழைகளுக்கு இடையே மெல்லிய மண் ஒன்று உண்டாகிறது. பாசியின் விதைத்தூள் அந்த மண்ணில் ஊன்றிக்கொள்கிறது. ஆகவே பாசி புல்லின் குற்றமன்று. கூட்டாமல் விட்டவர் குற்றமும், வடியாமல் நின்ற நீரின் குற்றமும் ஆகும்.

அடுத்தது முதுகுப் பூச்சு. லேட்டக்ஸ் நெடுநாள் நீரில் ஊறினால் பிடிப்பை இழக்கிறது. முதலில் மெதுவாகிறது, பிறகு பிட்டு போல உதிர்கிறது. பிடிப்பு போனபின் இழைகள் கொத்துக் கொத்தாகக் கழன்று வருகின்றன. மூன்றாவது, இணைப்பு. இரண்டு சுருள்கள் சந்திக்கும் இடத்தை அடியில் நாடா வைத்துப் பசையால் ஒட்டியிருப்பார்கள். நாடாவின் அடியில் நீர் தேங்கினால் பசை விடும், விளிம்பு தூக்கும், அதில் கால் இடறும்.

கொடைக்கானலில் ஒரு விடுதி முற்றத்தில் இம்மூன்றையும் ஒருங்கே கண்டேன். அங்கே வழுக்கி விழுந்து முதியவர் ஒருவருக்கு மணிக்கட்டு முறிந்த பிறகுதான் எங்களுக்கு அழைப்பு வந்தது. 'சரக்கு மட்டம்' என்றார் விடுதியை நடத்துபவர். நான் குனிந்து இழைகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மாமா சொன்னார்: "எய்யா, புல்லப் பாக்காத, தரையப் பாரு." விளிம்பைத் தூக்கிப் பார்த்தோம். வழவழப்பான சிமெண்டுத் தளம். சாய்வு எந்தப் பக்கமும் இல்லை. நீர் வெளியேற வழியும் இல்லை. புல்லில் துளை இருந்தது. துளையில் இறங்கிய நீர் போக இடம் இல்லை. ஓட்டை வாளியைக் குளத்துக்குள் வைத்தது போன்ற நிலை அது.

நோயை அறியும் முறை

செப்பனிடுமுன் மூன்று சோதனைகள் செய்ய வேண்டும். மூன்றுக்கும் செலவில்லை.

முதலாவது வாளிச் சோதனை. ஒரு வாளி நீரை ஒரே இடத்தில் ஊற்றிக் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். நீர் உடனே இறங்கினால் தளம் நலமாக உள்ளது. தேங்கி நின்றால், விரிப்பின் துளை அடைத்திருக்கிறதா, தளம் அடைத்திருக்கிறதா என்று பிரித்தறிய வேண்டும். விளிம்பைத் தூக்கித் தளத்தின்மேல் நேரடியாக ஊற்றினால் அது விளங்கிவிடும்.

இரண்டாவது குறட்டுச் சோதனை. ஒரு கொத்து இழையைக் குறட்டால் பிடித்து இழுக்க வேண்டும். பலமாக இழுத்தும் வராவிட்டால் முதுகுப் பூச்சு உயிரோடு இருக்கிறது. லேசாக இழுத்ததுமே நாற்று போல வந்தால் அப்பகுதி இனித் தேறாது. வெட்டி எடுப்பதே வழி.

மூன்றாவது, வெறுங்காலால் நடந்து பார்ப்பது. இணைப்பு தூக்கியிருப்பதும், தளம் அமுங்கியிருப்பதும் கண்ணைவிடக் காலுக்கு விரைவில் தெரியும்.

செப்பனிடும் வரிசை

வேலையின் வரிசை கீழிருந்து மேலாகச் செல்ல வேண்டும். முதலில் நீருக்கு வழி, பிறகு துப்புரவு, பிறகு ஒட்டு, இறுதியில் மணல். இவ்வரிசையை மாற்றினால் அடுத்த மழையில் மீண்டும் அதே வேலை.

நான் கூறிய விடுதி முற்றத்தில், விரிப்பைப் பகுதி பகுதியாகச் சுருட்டி ஒதுக்கினோம். தளத்தின் தாழ்ந்த பக்கத்தில் வாய்க்கால் ஒன்று வெட்டி, வெளிச் சாக்கடையோடு சேர்த்தோம். நீர் தேங்கும் பள்ளங்களில் தளத்தைத் துளையிட்டு, துளைகளைச் சிறு ஜல்லியால் நிரப்பினோம். அதன்மேல், அடியில் நீர் ஓட இடம் விடும் குமிழ் போட்ட பிளாஸ்டிக் பாயை விரித்து, அதற்கும் மேலே புல்லைப் போட்டோம். மண்தளமாக இருந்தால், நுண்மண் அடைத்த கல்தூளைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதியது இட வேண்டும்.

பாசியை நீக்க முதற்கருவி விறைப்பான தென்னந் துடைப்பமே. பாசி ஓரளவு உலர்ந்திருக்கும் வேளை பார்த்து, இழை சாய்ந்த திசைக்கு எதிராகக் கூட்ட வேண்டும். ஈரத்தில் தேய்த்தால் அது துண்டு துண்டாகிப் பரவும். பிறகு சோப்பு நீரால் கழுவலாம். அடங்காத இடத்துக்கு மட்டும், மிகவும் நீர்த்த சலவைக் கரைசலைத் தெளித்துச் சில நிமிடங்களில் நல்ல நீரால் அலசிவிட வேண்டும். கழிப்பறைக்கு ஊற்றும் அமிலத்தை ஊற்றுவோர் உண்டு. வேதியியல் படிப்பவர்க்கு அதன் விளைவு தெரியும். முதுகுப் பூச்சில் கலந்திருப்பது கால்சியம் கார்பனேட். ஐதரோ குளோரிக் அமிலம் பட்டால் நுரைத்துக் கரைந்துபோகும். பாசியும் போகும், பிடிப்பும் போகும்.

கெட்ட பகுதியை மாற்றுவது தையற்காரர் வேலை போன்றது. விரிப்பைப் புரட்டி, முதுகுப் பக்கத்திலிருந்து, இரண்டு தையல் வரிசைகளுக்கு நடுவே கத்தியை ஓட்டிச் சதுரமாக வெட்ட வேண்டும். மேலிருந்து வெட்டினால் இழைகள் அறுபடும். புதிய துண்டின் இழை சாயும் திசை பழையதன் திசையோடு ஒத்திருக்க வேண்டும். இல்லாவிடில் நிறம் ஒன்றாயினும் வெளிச்சத்தில் ஒட்டு தனியே தெரியும். வெயிலில் வெளுத்த தரைக்குப் புதுத் துண்டு எப்போதும் பொருந்தாது. அதற்கு மாமா ஒரு வழி வைத்திருக்கிறார். சட்டை கிழிந்தால் உள்மடிப்பிலிருந்து துணி எடுத்து ஒட்டுப் போடுவது போல, அதே தரையின் கண்ணுக்குத் தெரியாத ஓரத்திலிருந்து துண்டு எடுத்து நடுவில் வைப்பார். புதுத் துண்டை ஓரத்தில் வைத்துவிடுவார்.

இணைப்பில் விடும் இடைவெளி, தையல் வரிசைகளுக்கு இடையே உள்ள தூரம்தான். அதற்கு மேல் நெருக்கினால் வரப்புப் போல எழும்பும். அகன்றால் வகிடு போலத் தெரியும்.

பசையும் பனியும்

மலையில் செய்யும் வேலை பெரும்பாலும் கெடுவது ஒட்டும் கட்டத்தில்தான். காரணம் வேதியியலில் இருக்கிறது. இத்தொழிலில் மிகுதியாகப் பயன்படும் ஒற்றைப் பசை பாலி யூரித்தேன் வகையைச் சேர்ந்தது. அதில் உள்ள ஐசோசயனேட் தொகுதி, காற்றின் ஈரப்பதத்தோடு வினைபுரிந்தே இறுகுகிறது. ஆகவே சிறிது ஈரம் அதற்குத் தேவை. ஆனால் ஒட்ட வேண்டிய பரப்பில் நீர் நேரடியாகத் தங்கியிருந்தால் வினை மிகுந்து கரியமில வாயு வெளிப்படும், பசை பொங்கும். ஆப்ப மாவு புளித்துப் பொங்குவதும் அதே வாயுவால்தான். ஆப்பத்துக்கு அந்தப் பொந்துகள் அழகு. இணைப்புக்கு அவையே கேடு. பொங்கி இறுகிய பசை பார்வைக்குக் கெட்டியாக இருக்கும், இழுத்தால் பிய்ந்துவிடும். குளிர் மிகுந்தாலோ வினை மந்தமாகி இறுக இரு மடங்கு நேரம் பிடிக்கும். இதனால் ஈர மலைகளில், பிசினும் இறுக்கியும் தனித்தனியே வரும் இரட்டைப் பசையையே தேர்ந்த வேலையாட்கள் நாடுகிறார்கள். அதற்கும் பரப்பு உலர்ந்திருந்தே ஆக வேண்டும்.

பரப்பு உலர்ந்திருக்கிறதா என்பதைக் கண்ணால் மட்டும் அறிய முடியாது. காற்று எந்த வெப்பநிலைக்குக் குளிர்ந்தால் அதிலுள்ள நீராவி நீராகப் படியுமோ, அதைப் பனிநிலை என்று இயற்பியலில் படிக்கிறோம். ஒட்டும் பரப்பின் வெப்பநிலை, பனிநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி செல்சியஸ் மேலே இருக்க வேண்டும் என்பது பூச்சுத் தொழிலில் உள்ள விதி. நம் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் உள்ள ஈரக்குமிழ், உலர்குமிழ் வெப்பமானிகளைக் கொண்டு பனிநிலையைக் கணக்கிட்டுவிடலாம். மாமாவிடம் அக்கருவி இல்லை. அவர் ஓர் எவர்சில்வர் தட்டைத் தளத்தின்மேல் சிறிது நேரம் கவிழ்த்து வைப்பார். தட்டின் முதுகில் மூடுபனி போல ஈரம் படிந்தால் அன்று பசை டப்பாவைத் திறக்க மாட்டார். படிக்காதவர் கண்ட சோதனைக்கும் பாடநூல் விதிக்கும் உள்ள ஒற்றுமை என்னை வியக்க வைத்தது.

இதனால் மலையில் ஒட்டு வேலைக்குக் கிடைப்பது, வெயில் ஏறிய முற்பகல் தொடங்கிப் பிற்பகல் மேகம் இறங்கும்வரை உள்ள சில மணி நேரமே. ஒட்டியபின் மணல் மூட்டைகளை வரிசையாக அடுக்கி, மேலே தார்ப்பாய் போட்டுக் காத்திருக்க வேண்டும். சமவெளியில் ஒரு நாள் போதும். மலையில் நாங்கள் இரண்டு நாள் விட்டோம். அவசரப்படுபவர்க்கு இத்தொழில் ஆகாது.

மலைப் பாடம் கடற்கரைக்கு வந்தது

2023 டிசம்பர் 17, 18 நாள்களில் நம் மாவட்டத்தில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 946 மில்லிமீட்டர் பதிவாயிற்று. தூத்துக்குடிக்கு ஓர் ஆண்டு முழுவதும் கிடைக்கும் மழையைவிட அது மிகுதி. முத்தையாபுரம் தெருக்களில் வெள்ளம் நின்றது. உப்பளங்களில் குவித்திருந்த உப்பும் கரைந்தது. எங்கள் பகுதியில் இருந்த ஒரு வாடகைக் கால்பந்துத் தரையும் சேற்று நீரில் மூழ்கிக் கிடந்தது.

நீர் வடிந்தபின், எல்லாவற்றையும் சுருட்டி ஓடைக் கரையில் போட்டுவிட்டுக் கடன் வாங்கிப் புதிது விரிப்பதா, அல்லது மூடிவிடுவதா என்று அதன் உரிமையாளர் கலங்கி நின்றார். அங்கே பந்தாடி வந்த பிள்ளைகளுக்கு அருகில் வேறு திடல் இல்லை. மாமா வந்து குறட்டுச் சோதனை செய்தார். தாழ்ந்த மூலையில் இருந்த ஒரு பட்டை மட்டுமே உதிர்ந்தது; மற்றவை பிடிப்போடு இருந்தன. மலையில் செய்த அதே வரிசையை இங்கும் தொடங்கினோம்.

ஆனால் இங்கே வேறொரு பகைவன் இருந்தான். அவன் உப்பு. மழைக்காலத்தில் உப்பு மூட்டை கசிவதை எங்கள் ஊரில் சிறு குழந்தையும் அறியும். கடலுப்பில் கலந்துள்ள மெக்னீசியம் குளோரைடு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்வதே அதற்குக் காரணம். வெள்ளத்தோடு வந்த உப்பு மணலில் தங்கிவிட்டால், மழையில்லாத நாளிலும் தரை பிசுபிசுவென்று இருக்கும். வறண்ட எங்கள் ஊரில் அவ்வுப்பு ஒரு சிறிய கொடைக்கானலை உண்டாக்கிவிடும். அது போதாதென்று, விளிம்பில் அடித்த ஆணிகளையும் அரித்துவிடும்.

ஆகவே மணலையும் விரிப்பையும் நல்ல நீரால் மீண்டும் மீண்டும் அலசினோம். எத்தனை முறை அலசினால் போதும்? இதற்கு நாம் படித்த பாடம் உதவியது. அலசிய நீரைப் புட்டியில் பிடித்து வந்து, விரிவுரையாளரின் அனுமதியோடு நம் ஆய்வுக்கூடத்தில் வெள்ளி நைட்ரேட் கரைசல் சில துளி விட்டுப் பார்த்தேன். முதல் அலசல் நீர் தயிர் போல வெண்மையாகத் திரண்டது. இரண்டாவது குறைந்தது. மூன்றாவது லேசாகக் கலங்கியதோடு நின்றது. குழாய் நீரிலும் சிறிது குளோரைடு உண்டு என்பதால் அதையும் உடன் வைத்து ஒப்பிட்டேன். இரண்டு கலங்கலும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன. அதற்குமேல் அலசுவது வீண் என்று தெரிந்தது. முதலாண்டுச் செய்முறையில் மதிப்பெண்ணுக்காகச் செய்த சோதனை, ஊரார் விளையாடும் தரைக்குப் பயன்பட்டதில் எனக்கு மகிழ்ச்சி உண்டு.

குறைந்த மணலை நிரப்பும்போது ஒரு கேள்வி எழுந்தது. கடற்கரை மணலும், சற்றுத் தள்ளினால் தேரி மணலும் அருகிலேயே இருக்க, விலை கொடுத்து மணல் வாங்குவானேன்? கடற்கரை மணலில் உப்பும், மிதிபட்டால் நொறுங்கும் சிப்பித் தூளும் உண்டு. தேரி மணல் சிவந்த நுண்மண் கலந்தது. துளைகளை அடைக்கும், நிறமும் ஏற்றும். கழுவிச் சலித்த, உருண்டையான சிலிக்கா மணலே ஏற்றது. கிடைப்பதெல்லாம் பொருந்துவதில்லை.

உதிர்ந்த இழை எங்கே போகிறது?

செப்பனிடுதலின் பயன் பணச் சிக்கனம் மட்டுமன்று. தேய்ந்த தரையிலிருந்து இழைத் துணுக்கும் இரப்பர்த் துகளும் உதிர்ந்துகொண்டே இருக்கும். மலையில் அவை ஓடைக்குப் போகின்றன. எங்கள் ஊரில் மழை நீரோடு கடலுக்குப் போகின்றன. பாலி எத்திலீன் நீரைவிட இலேசானது; மிதந்து நெடுந்தூரம் செல்லும். மட்காது; மேன்மேலும் நுண்ணிய துகளாக உடையும். ஐரோப்பிய ஒன்றியம் இத்தகைய நுண்துகள்களுக்கு 2023-இல் கட்டுப்பாடு விதித்தது. விளையாட்டுத் தரையில் தூவும் பிளாஸ்டிக், இரப்பர்த் துகள்களின் விற்பனையை நிறுத்த 8 ஆண்டு தவணை கொடுத்திருக்கிறது. தக்கை, தேங்காய் நார்த்துகள் முதலியவற்றை அங்கே மாற்றாகப் பயன்படுத்தத் தொடங்கியுள்ளனர். ஆனால் ஈரம் காயாத மலையில் நார்த்துகள் மக்கும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

நம் வாயிலில் இருப்பது மன்னார் வளைகுடா. 21 தீவுகளைக் கொண்ட அதன் கடல்சார் தேசியப் பூங்கா 1986-இல் அமைக்கப்பட்டது. பெயர் பெற்ற நம் முத்துக்குளித்தல் 1961-க்குப் பிறகு நடைபெறவில்லை. ஆயினும் சிப்பிகள் இன்னும் கடலடியில் வாழ்கின்றன. சிப்பி நீரை உறிஞ்சி வடிகட்டி அதிலுள்ள நுண்ணுயிரை உண்பது. நீரில் துகள் கலந்தால் அதையும் சேர்த்தே உறிஞ்சும். ஆகவே தரையின் ஓரத்தில் மேடு கட்டி, வடிகாலில் சல்லடை வைத்து, உதிர்ந்ததை வாரந்தோறும் அள்ளி மீண்டும் தரையிலோ குப்பைப் பெட்டியிலோ இடுவதும் செப்பனிடும் வேலையின் ஒரு பகுதியே. அத்தரையில் மாமா கடைசியாகப் பொருத்தியது அந்தச் சல்லடையைத்தான்.

முடிவுரை

ஈரம் மிகுந்த மலைகளில் இயற்கைப் புல் தானாகவே செழித்து வளர்கிறது. நீலகிரியிலும் பழனி மலையிலும் கிக்குயுப் புல் வேண்டாத இடத்திலும் படர்வதைக் காணலாம். அத்தகைய இடத்தில் அழகுக்காக மட்டும் பிளாஸ்டிக் புல் விரிப்பது தேவைதானா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். நாள் முழுதும் கால்கள் மிதிக்கும் விளையாட்டுத் தரை வேறு. அங்கே செயற்கைப் புல்லுக்கு நியாயம் உண்டு. அவ்வாறு விரிக்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: இறங்கும் நீர் எங்கே போகும்? முதுகுப் பூச்சு எதனால் ஆனது? மிச்சத் துண்டைக் கொடுப்பீர்களா? நிறத்தையும் மென்மையையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நண்பர்களே! நம் கல்லூரிகளுக்கும் ஊர்த் திடல்களுக்கும் இத்தகைய தரைகள் இனி வரக்கூடும். திறப்பு விழாவுக்குக் கூட்டம் சேரும். பத்தாம் மாதத்தில் துடைப்பம் எடுக்க ஆள் இருக்காது. விரிப்பது ஒரு நாள் வேலை. பேணுவது பல ஆண்டு வேலை. பனிநிலையும், குளோரைடுச் சோதனையும், ஐசோசயனேட்டும் தேர்வுத்தாளோடு முடிந்துபோகும் சொற்கள் அல்ல. குனிந்து விளிம்பைத் தூக்கிப் பார்க்கும் கைக்கு அவை நல்ல கருவிகள். மேலே பசுமையாக இருப்பதைக் கண்டு மயங்காமல் அடியில் நீர் ஓடுகிறதா என்று பார்க்கும் பழக்கத்தைப் படித்த நாம் கைக்கொள்வோமாக.